அறக்கட்டளைகளின் மாநாடுகளும் நமக்கு ஒதுக்கப்படும் மூன்று நிமிடங்களும்

2019 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் நகரில் கேட்ஸ் அறக்கட்டளை நடத்திய 'கோல்கீப்பர்ஸ்' நிகழ்வில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடிக்கு விருது வழங்கப்பட்டது. தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறைகள் கட்டியதற்கான விருது. பில் கேட்ஸே மேடையேறிக் கொடுத்தார். இந்தியாவில் 25ஆம் தேதி காலையில், மத்தியப் பிரதேசத்தின் சிவ்புரி மாவட்டத்தில் பாவ்கேடி என்னும் கிராமத்தில் 12 வயதுச் சிறுமியும் 10 வயதுச் சிறுவனும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். திறந்த வெளியில் மலம் கழித்தார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அவர்கள் வீட்டில் கழிப்பறை இல்லை. அரசின் ஏட்டிலோ, திறந்த வெளியில் மலம் கழிக்கும் பழக்கம் ஒழிந்த ஊர்களில் அதுவும் ஒன்று. இருவரும் வால்மீகி சமூகத்துக் குழந்தைகள். வட இந்தியாவில் ஊரார் மலத்தை அள்ளும் வேலை தலைமுறை தலைமுறையாக யார் தலையில் சுமத்தப்பட்டதோ, அந்தச் சமூகம்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்கு ஏற்பட்ட ஆத்திரத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. அன்றிலிருந்து எங்களைக் குடைந்துகொண்டிருக்கும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுத வந்தோம். ஒரு நாட்டின் துப்புரவுத் திட்டம் வெற்றியா தோல்வியா என்று சொல்ல நாடாளுமன்றம் இருக்கிறது, தணிக்கைத் துறை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, ஓட்டுப் போட்ட மக்கள் இருக்கிறார்கள். இத்தனை பேர் இருக்க, ஒரு தனியார் அறக்கட்டளையின் மாலை நேர நிகழ்ச்சிக்கு அந்தத் தீர்ப்பைச் சொல்லும் அதிகாரம் எப்படி வந்தது?

கேட்ஸ் அறக்கட்டளை மட்டும் இப்படிச் செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். டாவோஸ் பனிமலையில் ஆண்டுதோறும் கூட்டம் நடத்தும் உலகப் பொருளாதார மன்றமும் ஓர் அறக்கட்டளை அமைப்புதான். நம் முதலமைச்சர்களும் அமைச்சர்களும் அங்கே போவதும், முதலீடுகளோடு திரும்பி வந்ததாக அறிவிப்பதும் வழக்கமாகிவிட்டது. டெல்லியில் 2016 முதல் நடக்கும் ரெய்சினா உரையாடலை வெளியுறவு அமைச்சகத்தோடு சேர்ந்து நடத்துவது அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன். சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வருமுன்பே ஒரு விஷயம் இப்படிப்பட்ட கூடங்களில் பலமுறை பேசப்பட்டு, மெருகேற்றப்பட்டு, முடிந்த முடிவாக வந்து சேர்ந்துவிடுகிறது. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. பெரும்பாலும் கெட்ட எண்ணமும் இல்லை. அதனால்தான் பிடித்துக் காட்டுவது கடினமாக இருக்கிறது.

எங்களுக்கு நேரடியாகத் தெரிந்த துறை மலமும் அதை அள்ளுபவர்களும். எனவே அதை வைத்தே சொல்கிறோம்.

2011இல் கேட்ஸ் அறக்கட்டளை 'கழிப்பறையை மறுபடி கண்டுபிடிப்போம்' என்ற சவாலை அறிவித்தது. உலகப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி போனது. 2012இல் சியாட்டிலில் கண்காட்சி நடந்தது. 2014 மார்ச்சில் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து டெல்லியில் கண்காட்சி. 2018 நவம்பரில் பெய்ஜிங்கில் ஒரு பெரிய கூட்டம். அந்த மேடையில் பில் கேட்ஸ் கண்ணாடிக் குடுவையில் மனித மலத்தை வைத்துக்கொண்டு பேசினார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் படத்தைப் போட்டன. பேசக் கூசுகிற விஷயத்தைத் துணிந்து பேசினார் என்று பாராட்டினார்கள். எங்கள் பெண்கள் அதே பொருளைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்தபோது எந்த ஊரிலும் யாரும் பாராட்டவில்லை. எதிரே வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் எட்ட நின்று ஊற்றினார்கள். மலத்தைத் தொட்ட கை யாருடையது என்பதைப் பொறுத்து அது துணிச்சலாகவோ தீட்டாகவோ மாறுகிற நாடு இது. அந்தக் கண்ணாடிக் குடுவைக்குள் இந்த விஷயம் இல்லை.

2014 மார்ச்சில் டெல்லியில் இன்னொன்றும் நடந்தது. அந்த மாதம் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2003இல் போட்ட வழக்கு. 1993இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டோம், எங்கள் மாநிலத்தில் கையால் மலம் அள்ளுவோர் யாருமே இல்லை என்று மாநில அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் கொடுத்தன. பெஜவாடா வில்சனும் அவரோடு இருந்த துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் ஊர் ஊராகப் போய் உலர் கழிப்பிடங்களைக் கணக்கெடுத்து, படம் பிடித்து, நீதிமன்றத்தில் வைத்தார்கள். 11 ஆண்டுகள் இழுத்த வழக்கின் முடிவில், 1993க்குப் பிறகு சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரே நகரம், ஒரே மாதம். ஓர் இடத்தில் இந்தியத் துப்புரவின் பிரச்சினை நல்ல இயந்திரம் இல்லாதது. இன்னோர் இடத்தில் அதே பிரச்சினை, ஒரு சாதியை மலக்குழிக்குள் இறக்கிவிட்டு அரசு பொய் சொல்வது. அடுத்து வந்த ஆண்டுகளில் அரசின் பணமும் விளம்பரமும் எந்தப் பக்கம் போயின என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாநாடு கொள்கையாக மாறுவதை நாங்கள் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறோம். 2017 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் கசடு கழிவு மேலாண்மைக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதே பிப்ரவரியில் சென்னையில் கசடு கழிவு மேலாண்மைக்கான நான்காவது பன்னாட்டு மாநாடு, கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவோடு நடந்தது. தமிழ்நாட்டில் 2015இலிருந்தே அந்த அறக்கட்டளையின் நிதியில் நகர்ப்புறத் துப்புரவுக்கான ஒரு திட்டம், திருச்சியிலும் கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளிலும் நடந்துகொண்டிருந்தது. முதலில் ஓர் ஊரில் முன்மாதிரி. அதைப் பற்றி ஓர் அறிக்கை. அறிக்கையை வைத்து ஒரு கருத்தரங்கு. கருத்தரங்குக்கு வந்த அதிகாரி ஊருக்குத் திரும்பி எழுதும் சுற்றறிக்கை. பிறகு வழிகாட்டி நெறிமுறை, கொள்கை, நிதி ஒதுக்கீடு. இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய அதே முகங்கள் இருக்கும். அரசுக்கு வேண்டிய ஆவணத்தை எழுதிக் கொடுக்க ஆளும் நேரமும் அவர்களிடம் இருக்கின்றன. நம்மிடம் மனு எழுதக்கூட ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது.

இதனால் நன்மையே இல்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். அதை உறிஞ்சும் லாரி ராத்திரியில் ஏரியிலோ ஓடையிலோ கொட்டிவிட்டுப் போகும். கொட்டும் இடம் பெரும்பாலும் சேரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இதை ஒரு பிரச்சினையாக அரசு எண்ண ஆரம்பித்ததற்கும், 2015இல் கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் தொடங்கிப் பல ஊர்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்ததற்கும் இந்த மாநாடுகளும் நிதியும் ஒரு காரணம். லாரி வந்த இடத்தில் ஆள் இறங்குவது குறைகிறது. ஓர் உயிர் மிச்சமானாலும் அதை நாங்கள் வேண்டாம் என்போமா?

ஆனால் அந்தக் கூடத்தில் உருவாகும் சொற்களைக் கவனியுங்கள். 'கசடு', 'சேவை வழங்குநர்', 'மதிப்புச் சங்கிலி', 'பயனாளி', 'தொழில்முனைவோர்'. இவற்றில் சாதி எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் குழிக்குள் இறங்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியரும் மற்ற பட்டியல் சாதியினரும். இது அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். தேநீர் இடைவேளையில் எங்களிடம் சொல்லவும் செய்வார்கள். அறிக்கையில் வராது. அறிக்கையில் 'தூய்மைப் பணியாளர் பாதுகாப்பு' என்று ஒரு பத்தி வரும். அதில் கையுறை, காலுறை, முகக்கவசம். ஏன் இந்தச் சாதிப் பிள்ளை மட்டும் இந்த வேலைக்கு வருகிறான், ஏன் நகராட்சியின் நிரந்தர வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போனது என்பவை அந்தப் பத்திக்குள் அடங்காத கேள்விகள்.

சொல்லை மாற்றினால் பிணத்தைக்கூட மறைக்கலாம் என்பதை நாடாளுமன்றத்திலேயே பார்த்தோம். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அரசு பதில் சொன்னது: கையால் மலம் அள்ளுவதால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை. அதே அரசு, சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் 'அபாயகரமாகச் சுத்தம் செய்யும்போது' இறந்தவர்களின் எண்ணிக்கையை வேறு பதில்களில் நூற்றுக்கணக்கில் கொடுத்திருக்கிறது. 1993 முதலான அந்தக் கணக்குகளில் தமிழ்நாடுதான் முதலிடம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'கையால் மலம் அள்ளுபவர்' என்பதற்கு ஒரு விளக்கமும், 'அபாயகரமான சுத்தப்படுத்தல்' என்பதற்கு வேறொரு விளக்கமும் வைத்திருக்கிறது. அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் அள்ளினால் அவர் கையால் மலம் அள்ளுபவர் ஆக மாட்டார் என்றும் அதில் இருக்கிறது. கையுறை பற்றிய அந்தப் பத்தி ஏன் எங்களுக்கு உறுத்துகிறது என்று இப்போது புரியும். கையுறையைக் கொடுத்துவிட்டால் ஆளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இனி எங்கள் அனுபவம். அறக்கட்டளைகள் நடத்தும் இத்தகைய கூட்டங்களுக்கு எங்களையும் அழைக்கிறார்கள். மரியாதையாகத்தான் அழைக்கிறார்கள். ரயில் டிக்கெட் போட்டுத் தருகிறார்கள். நட்சத்திர ஓட்டலில் அறை தருகிறார்கள். கழுத்தில் மாட்டும் அட்டையில் மற்றவர்களுக்குப் பெயருக்குக் கீழே பதவி இருக்கும், எங்களுக்கு 'சமூகப் பிரதிநிதி' என்று இருக்கும். ஒருமுறை எங்களோடு ஓர் அக்கா வந்தார். கணவரை மலக்குழியில் பறிகொடுத்தவர். அவருக்கு 'களத்தின் குரல்' என்ற தலைப்பில் மூன்று நிமிடம். தமிழில் பேசினார், ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார். கூடம் அமைதியானது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்து, தீர்வுகள் பற்றிய அமர்வு. அது முழுக்க ஆங்கிலத்தில், மொழிபெயர்ப்பு இல்லை. அக்கா எங்களிடம் மெல்லக் கேட்டார்: "நான் சொன்னதுக்குத்தான் பதில் பேசுறாங்களா?" நாங்கள் இல்லை என்று தலையசைத்தோம். வீட்டுக்குப் போனதும் இரண்டு நாள் கூலி போயிற்று என்று அவர் கணக்குப் பார்த்ததை எந்த அறிக்கையும் எழுதவில்லை.

சமையல் எல்லாம் முடிந்த பிறகு உப்பு சரியா என்று கேட்கக் கூப்பிடுகிறார்கள். உலை வைக்கும்போதே கூப்பிட்டால்தானே எதைச் சமைப்பது என்று பேச முடியும்? நிகழ்ச்சி நிரலை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் முழு அரசியலும் இருக்கிறது. தீர்மானத்தின் வரைவு மாநாட்டுக்கு முன்பே தயாராகிவிடுகிறது. அதில் எங்கள் அழுகைக்கு இடம் உண்டு, கோரிக்கைக்கு இடம் இல்லை.

2019 விருதின்போதும் இதுதான் நடந்தது. ஷிரின் எபாடி உட்பட நோபல் அமைதிப் பரிசு பெற்ற மூன்று பெண்கள், இந்தியாவின் மனித உரிமை நிலையைச் சுட்டிக்காட்டி இந்த விருதைக் கொடுக்காதீர்கள் என்று எழுதினார்கள். அறக்கட்டளை தன் முடிவை மாற்றவில்லை. விருது துப்புரவுப் பணிக்கானது என்பதே அவர்களது நிலை. கழிப்பறையைத் தனியாகவும் உரிமையைத் தனியாகவும் அறுத்து எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அது. பாவ்கேடியில் அந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தன. யார் வீட்டுக்குக் கழிப்பறை வரும், யார் வீட்டுக்கு வராது, யார் எங்கே உட்கார்ந்தால் யாருக்குக் கோபம் வரும் என்பதெல்லாம் சாதி தீர்மானித்த விஷயங்கள்.

விருந்தாளியாகப் போனவர் என்ன பேசலாம் என்பதை அழைத்தவர் தீர்மானிப்பது நமக்குப் புதிதல்ல. 1936இல் லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. சாதியை ஒழிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பிய சாதி இந்துக்களின் அமைப்பு. உரை முன்கூட்டியே போய்ச் சேர்ந்தது. சாத்திரங்களை அடித்தளமாகத் தாக்கும் பகுதிகளையும், இந்து மதத்தை விட்டு வெளியேறுவது பற்றிய பேச்சையும் அவர்களால் செரிக்க முடியவில்லை. மாற்றச் சொன்னார்கள். அண்ணல் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். மாநாடே நின்றது. அவர் அந்த உரையைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1,500 படிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. விரைவிலேயே தமிழிலும் வந்தது. லாகூர் கூடத்தில் உட்கார்ந்திருக்கக்கூடியவர்கள் சில நூறு பேர். 'சாதி ஒழிப்பு' இன்றுவரை எத்தனை லட்சம் பேரை எட்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அழைத்தவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதில் இங்கே பிரச்சினை இல்லை. கூடம் அவர்களுடையது, எனவே எல்லையும் அவர்களுடையது.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1927 மார்ச் 19, 20இல் மகாடில் நடந்தது நம்முடைய மாநாடு. பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே பொதுக் குளங்களைத் தீண்டத்தகாதவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. மகாட் நகராட்சியும் தன் பங்குக்குத் தீர்மானம் போட்டது. கொள்கை எல்லாம் சரியாகத்தான் இருந்தது, தண்ணீர்தான் கிடைக்கவில்லை. மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிப்பதற்குச் சாதி இந்துக்களிடம் 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கினார்கள். மறுநாள் மாநாடு எழுந்து சவுதார் குளத்துக்கு நடந்தது. கொள்கை கையெழுத்தாகிக் கிடந்த நான்கு ஆண்டுகளில் நடக்காதது அந்த நடையில் நடந்தது. அதற்கு அடியும் வாங்கினார்கள், அதன்பின் நீதிமன்றத்தில் பத்தாண்டு போராடினார்கள்.

நம் காலத்திலும் அப்படி ஒன்று உண்டு. 2015 டிசம்பர் 10 அன்று அசாமின் திப்ருகரில் புறப்பட்ட சஃபாய் கர்மசாரி ஆந்தோலனின் பீம யாத்திரை, 125 நாட்கள் நாடு முழுக்கச் சுற்றி, 2016 ஏப்ரல் 13 அன்று டெல்லி வந்தது. "எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள்" என்பதே அதன் முழக்கம். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்கள் ஒவ்வோர் ஊரிலும் பேசினார்கள். அங்கே யாருக்கும் மூன்று நிமிடக் கணக்கு இல்லை. அரசு இன்று 'நமஸ்தே' என்று பெயரிட்டு இயந்திரமயமாக்கத் திட்டம் வைத்திருக்கிறது என்றால், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது என்றால், அந்தக் குடும்பங்கள் தெருவில் நின்றதற்கும் அதில் பங்கு இருக்கிறது.

ஆனால் நம் மாநாடுகளை நாமே நடத்துவது நாளுக்கு நாள் கடினமாகிறது. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிதி பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னொரு சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து தரக் கூடாது. நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. பெரிய கட்டடமும் கணக்காளர்களும் உள்ளவர்கள் தாக்குப்பிடித்தார்கள். மாவட்டத்தில் இரண்டு பேரை வைத்து வன்கொடுமை வழக்குகளைப் பின்தொடர்ந்த சிறிய தலித் அமைப்புகளுக்கு வந்த நிதி நின்றது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்பார்கள். பள்ளிக்குப் பெஞ்சு வாங்கித் தருவார்கள், வன்கொடுமை வழக்குக்கு வக்கீல் வைத்துத் தர மாட்டார்கள். ஆக, மாநாடு கூட்டும் வசதி மேலும் சிலர் கைக்குள் குவிகிறது. அழைக்கப்படுபவர்களாக மட்டுமே நாம் மிஞ்சுகிறோம்.

அப்படியானால் இந்தக் கூட்டங்களைப் புறக்கணிக்க வேண்டுமா? எங்களுக்குள் இதைப் பற்றி நிறைய வாதம் நடந்திருக்கிறது. போகவே கூடாது என்று சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். நாம் போகாவிட்டாலும் கொள்கை அங்கே உருவாகத்தான் போகிறது, நம் பெயரில் வேறு யாரோ மூன்று நிமிடம் பேசத்தான் போகிறார்கள். எனவே போகலாம் என்பதே எங்கள் முடிவு. ஆனால் சில விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

நிகழ்ச்சி நிரலும் தீர்மான வரைவும் மாநாட்டுக்கு முன்பே தமிழில் நம் கைக்கு வர வேண்டும். தொழிலாளர் சங்கங்களில் இருந்து ஒருவராவது வரைவுக் குழுவில் இருக்க வேண்டும். அனுபவத்தைச் சொல்ல வரும் தொழிலாளி தீர்வு பற்றிய அமர்விலும் பேச வேண்டும், அந்த அமர்வுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். அவருடைய நாள் கூலியைப் பயணப்படியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். கன்சல்டன்டுக்கு நாளுக்கு எவ்வளவு என்று பேசி முடிக்கிறவர்களுக்கு இது பெரிய காசு இல்லை. கூட்டத்தில் ஏற்காத கருத்து இருந்தால் அதையும் அறிக்கையில் அப்படியே அச்சிட வேண்டும். எந்த அதிகாரிகள் வந்தார்கள், யார் செலவு செய்தார்கள், அதன்பின் எந்த அரசாணை அல்லது நெறிமுறை அதன் அடிப்படையில் வந்தது என்பதை அரசு பொதுவில் வைக்க வேண்டும். பொது மக்களின் வரிப்பணம் எந்தப் பேச்சின் முடிவில் செலவாகிறது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அரசுத் தரப்புக் கோப்பை அவர்கள் காட்டாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இதோடு, அந்தக் கூட்டத்துக்கு முன்பும் பின்பும் நம் பகுதியில் ஒரு கூட்டம் நடத்துங்கள். சமுதாயக் கூடம் கிடைக்காவிட்டால் தெருவிளக்குக்குக் கீழே போதும். போகிறவர் எதைச் சொல்ல வேண்டும் என்று முன் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்தவர் என்ன நடந்தது என்று பின் கூட்டத்தில் சொல்லட்டும். அழைத்த அறக்கட்டளைக்கு மட்டும் பதில் சொல்லும் பிரதிநிதியை அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் தெருவுக்குப் பதில் சொல்லும் பிரதிநிதியை நாம்தான் அனுப்ப வேண்டும்.

அடுத்த அழைப்பிதழ் வந்தவுடன் டிக்கெட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், வரைவு எங்கே என்று கேளுங்கள்.